கானாவில் வாட்டும் லெவிகளும் சேர்ந்து 1.9 சதவீதம்தானே குறைந்தன, வாடிக்கையாளர் ஏன் 8 சதவீதத் தள்ளுபடி கேட்கிறார்?

கடலோடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அக்ராவில் பிளாஸ்டிக் டப்பாக்களும் மூடிகளும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். 2025ஆம் ஆண்டின் கொள்முதல் பில்களைப் புரட்டியபோது ஒவ்வொன்றிலும் நான்கு வரிகள் தனித்தனியே இருந்தன: தேசிய மருத்துவக் காப்பீட்டு லெவி (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி) 2.5%, கல்வி நிதிக்கான கெட்ஃபண்ட் லெவி 2.5%, கோவிட் லெவி 1%, சரக்கு விலையோடு இவை மூன்றையும் கூட்டிய தொகையின் மேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 15%. ஆக, 100 சீடி (கானாவின் நாணயம்) சரக்குக்கு 121.90 சீடி. எனக்கு முன்பு இருந்தவர் வாட்டை மட்டும் தனிக் கணக்கில் வைத்துவிட்டு, மூன்று லெவிகளையும் மூலப்பொருள் விலையோடு சேர்த்தே எழுதியிருக்கிறார்.

2026 ஜனவரி முதல் வரும் பில்களில் மொத்தம் 20% மட்டுமே இருக்கிறது. எங்களிடம் வாங்கும் மொத்த வியாபாரி ஒருவர், வரிச் சட்டம் மாறிவிட்டது என்று சொல்லி 8% விலைக் குறைப்புக் கேட்கிறார். 21.9 என்பது 20 ஆனதற்கு 8 எங்கிருந்து வந்தது என்று மேலாளர் என்னைக் கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேமா கணக்கன் எழுதியது:

உங்களுக்கு முன்பு இருந்தவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், தம்பி. அந்த வியாபாரியும் முழுக்கத் தவறாகக் கேட்கவில்லை. விகிதத்தை மட்டும் பார்ப்பதால்தான் உங்கள் மேலாளருக்குக் குழப்பம். ஒரு வணிகத்துக்கு வரி சுமையா இல்லையா என்பதை அதன் விகிதத்தைவிட, கொள்முதலில் கட்டியதை விற்பனையில் கழித்துக்கொள்ள முடியுமா என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

2018 ஆகஸ்டுக்கு முன்பு கானாவில் வாட் 15%, மருத்துவக் காப்பீட்டு லெவி 2.5%, ஆக மொத்தம் 17.5% என்று இருந்தது. இரண்டையுமே உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது விற்பனையில் வசூலித்த வரியில் கழித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு செய்த திருத்தத்தில் 15 சதவீதத்துக்குள் இருந்த கெட்ஃபண்ட் பங்கான 2.5 சதவீதத்தை வெளியே எடுத்து, அதையும் மருத்துவக் காப்பீட்டு லெவியையும் நேர் லெவிகளாக மாற்றினார்கள். வாட் 12.5% ஆகக் குறைந்தது. கூட்டிப் பார்த்தால் பழைய 17.5 தானே என்று தோன்றும். ஆனால் லெவி சேர்ந்த தொகையின் மேல் வாட் கணக்கிடப்பட்டதால் உண்மை விகிதம் 18.125% ஆனது. அதைவிடப் பெரிய மாற்றம், அந்த 5 சதவீதத்துக்கு வரவு கிடையாது என்று ஆனது. 2021 மே மாதத்தில் கோவிட் லெவி 1% வந்து 19.25% ஆனது. 2023 ஜனவரியில் வாட்டை மீண்டும் 15 ஆக்கியபோது 21.9% ஆனது. வரவு இல்லாத பகுதி மட்டும் 6%.

இந்த 6% சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். 100,000 சீடிக்குப் பிளாஸ்டிக் குருணை வாங்கினால் 6,000 சீடி லெவி உங்கள் அடக்கத்தில் ஏறிவிடும். கூலி, மின்சாரம், லாபம் என்று 40,000 சேர்த்தால் உங்கள் விற்பனை விலை 146,000. மொத்த வியாபாரி அதற்கு 8,760 சீடி லெவி கட்டுவார். அதுவும் அவருக்குத் திரும்பாது, அவர் அடக்கம் 154,760. அவர் 15,240 சேர்த்து 170,000க்கு விற்றால் சில்லறைக் கடைக்காரர் 10,200 சீடி லெவி கட்டுவார். கடைசி வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்பே 24,960 சீடி லெவி அந்தச் சரக்குக்குள் புதைந்துவிட்டது. லெவிக்கும் லெவி விழுந்திருக்கிறது. பில்லைப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு பில்லிலும் 6% என்றுதான் இருக்கும். பெயர் மதிப்புக் கூட்டு வரி, நடப்பதோ பழைய விற்றுமுதல் வரி என்பதே என் கருத்து.

2025ஆம் ஆண்டின் புதிய வாட் சட்டம், அதாவது 1151ஆம் எண் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் இதைத்தான் சரிசெய்திருக்கிறது. கோவிட் லெவியை எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு லெவிகளும் வாட்டும் ஒரே அடிப்படைத் தொகையின் மேல் கணக்கிடப்படுகின்றன: 2.5, 2.5, 15, மொத்தம் 20. அந்த இருபதுக்கும் வரவு உண்டு. எனவே 1.9தான் குறைந்தது என்று மேலாளர் சொல்வது கடைசி நுகர்வோரின் பில்லுக்கு மட்டுமே பொருந்தும். இடையில் இருக்கும் வணிகர்களுக்கோ ஆளுக்கு ஒரு 6% குறைந்திருக்கிறது.

வரிவாசகி எழுதியது:

ஐயா சொன்ன கணக்குக்குப் பின்னால் ஓர் அரசியல் வரலாறு இருக்கிறது. அது தெரியாவிட்டால் இவ்வளவு கோணலான ஏற்பாட்டை ஏன் செய்தார்கள் என்பது புரியாது.

1995 மார்ச் மாதத்தில் கானா முதன்முதலாக வாட்டைக் கொண்டுவந்தபோது விகிதம் 17.5%. அதற்கு முன்பு இருந்த விற்பனை வரி 15%. சந்தையில் விலைகள் ஒரேயடியாக ஏறின. அந்த ஆண்டு மே 11 அன்று அக்ராவில் 'குமே ப்ரெக்கோ' என்ற பெயரில் நடந்த மாபெரும் ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. ஜூன் மாதத்தில் அரசு வாட்டைத் திரும்பப் பெற்றுப் பழைய விற்பனை வரிக்கே போனது. மூன்றாண்டுகள் கழித்து, 1998இல் இயற்றிய சட்டத்தின் மூலம், இம்முறை வெறும் 10 சதவீதத்தில் எச்சரிக்கையோடு மீண்டும் நுழைந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த உயர்வுகளில் சிலவற்றைக் கவனியுங்கள். 2000இல் 2.5% கூடியபோது அது கல்வி நிதிக்கு என்றார்கள். 2004இல் வந்த 2.5% மருத்துவக் காப்பீட்டுக்கு. 2021இல் வந்த 1% கொள்ளைநோய்ச் செலவுக்கு. 2023இல் கூடிய 2.5% சாலைகளுக்கு. வாட் உயர்கிறது என்று வெறுமனே அறிவிக்கும் துணிவு 1995க்குப் பிறகு எந்த அரசுக்கும் வரவில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் மறுக்க முடியாத ஒரு நல்ல காரியத்தின் பெயர் தேவைப்பட்டது. 2018இல் செய்த பிரிப்பு இன்னும் சாமர்த்தியமானது. மொத்த விகிதம் மாறாதது போலத் தோன்றும். வரவை மறுப்பதால் அரசுக்கு மட்டும் வருவாய் கூடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெயரிட்டு வசூலித்த பணம் முழுவதும் அந்தப் பெயருக்குரிய நிதிக்குப் போய்ச் சேரவில்லை. 2017இல் இயற்றிய உச்சவரம்புச் சட்டம், இப்படி ஒதுக்கப்பட்ட நிதிகள் அனைத்துக்கும் சேர்த்து வரி வருவாயில் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. மருத்துவமனைகள் காப்பீட்டுப் பாக்கிக்குக் காத்திருந்த காலத்திலும் வணிகர்கள் அந்த லெவியைத் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் மருத்துவக் காப்பீட்டுக்கும் கல்வி நிதிக்கும் அந்த வரம்பை நீக்கினார்கள்.

குமாசிக் கடைக்காரர் எழுதியது:

பெரிய கம்பெனிக் கணக்கைத் தேமா ஐயா சொல்லிவிட்டார். என்னைப் போலச் சில்லறைக் கடை வைத்திருப்பவர்களின் கதை வேறு.

எங்களுக்கு இருந்தது 3% தட்டை விகிதத் திட்டம், அதாவது விற்பனைத் தொகையின் மேல் 3% மட்டும் வாங்கிக் கட்டுவது. 2022 முதல் அதை ஆண்டு விற்பனை 200,000 முதல் 500,000 சீடி வரை உள்ள சில்லறைக் கடைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். கோவிட் லெவியோடு சேர்த்து 4% வாங்கிக் கட்ட வேண்டும். கணக்கு எழுதுவது எளிது, வாடிக்கையாளருக்கும் 4% என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் மொத்த வியாபாரியிடம் கட்டிய வாட்டில் ஒரு பெசேவா (சீடியில் நூறில் ஒரு பங்கு) கூடக் கழிக்க முடியாது. ஐயா காட்டிய எடுத்துக்காட்டில் 170,000 சீடிச் சரக்குக்கு லெவி 10,200, அதன் மேல் வாட் 27,030, ஆகக் கடைக்காரரின் அடக்கம் 207,230 சீடி. அதற்கு மேல் எங்கள் லாபம், அதற்கு மேல் 4%.

பதிவே செய்யாத பக்கத்துக் கடைக்காரரும் அதே அடக்கத்துக்குத்தான் வாங்குவார், ஆனால் அந்த 4% அவர் கேட்க வேண்டியதில்லை. சிமெண்ட், தகரம், பெயிண்ட் போன்ற சரக்குகளில் 4% என்பது எங்கள் முழு லாபத்துக்கும் சமம். வாடிக்கையாளர் உள்ளே வந்தவுடன் விற்பனைப் பையன் முதலில் கேட்கும் கேள்வியே, வாட் பில் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான். வேண்டும் என்றால் ஒரு விலை, வேண்டாம் என்றால் ஒரு விலை. நான் இதை நியாயப்படுத்தவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

மோமோ, அதாவது கைப்பேசிப் பணத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 2022 மே முதல் தேதியிலிருந்து ஈ-லெவி வந்தது. ஒரு நாளில் 100 சீடிக்கு மேல் கைப்பேசி வழியாக அனுப்பும் தொகைக்கு 1.5%. 10,000 சீடி அனுப்பினால் 148.50 சீடி லெவி, அதோடு கைப்பேசி நிறுவனத்தின் கட்டணம் தனி. வருவாய் ஆணையத்தில் பதிவு செய்த கடையின் மெர்ச்சன்ட் எண்ணுக்கு (வணிகர் கணக்கு எண்) பணம் செலுத்தினால் லெவி கிடையாது என்று சட்டம் சொன்னது. ஆனால் சந்தையில் பெரும்பாலோர் பயன்படுத்தியது சொந்தக் கைப்பேசி எண்ணைத்தான். மெர்ச்சன்ட் எண் வாங்கினால் அன்றாட விற்பனை முழுவதும் பதிவாகிவிடுமே என்ற பயம்.

என் கடைச் சுவரில் இரண்டு எண்கள் ஒட்டியிருந்தேன். மேலே மெர்ச்சன்ட் எண், கீழே என் சொந்த எண். லெவி வந்த பிறகு வாடிக்கையாளர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று எதிரே இருந்த மோமோ முகவரிடம் பணத்தை எடுத்துக்கொண்டு வந்து நோட்டாக எண்ணிக் கொடுத்தார்கள். எந்த எண்ணுக்கு லெவி உண்டு, எதற்கு இல்லை என்பதை அவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. கல்லாப் பெட்டியில் நோட்டு சேர்ந்தது, மாலையில் அதைக் கொண்டுபோய் வங்கியில் கட்ட ஓர் ஆளைப் போட வேண்டி வந்தது.

நிழல்தரு எழுதியது:

எல்லோரும் வணிகர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். முறைசாராத் தொழில்களே பெரும்பான்மையாக உள்ள ஒரு நாட்டில், வருமான வரி கட்டுவோர் பெரும்பாலும் சம்பளக்காரர்களும் சில பெரிய நிறுவனங்களும்தான். மற்றவர்களிடம் அரசு எப்படித்தான் வசூலிப்பது? பணம் நகரும் இடத்தில் பிடிப்பதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஈ-லெவியை 2025 ஏப்ரலில் நீக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் எரிபொருள் லிட்டருக்கு 1 சீடி கூடுதல் லெவி வந்தது, மின்துறைக் கடனை அடைக்க என்று. டீசல் விலை ஏறினால் குமாசிக் கடைக்காரரின் சரக்கு லாரி வாடகையும் ஏறும். ஒரு பையில் எடுத்ததை இன்னொரு பையில் போட்டார்கள், அவ்வளவுதான்.

வரிவாசகி எழுதியது:

நிழல்தருவின் கேள்வி நியாயமானதே. எரிபொருள் லெவி பற்றிய அவர் கவனிப்பும் சரி, அதற்கும் உள்ளீட்டு வரவு கிடையாது. ஆனால் பணம் நகரும் இடத்தில் பிடிக்கலாம் என்ற எண்ணம் கானாவில் சோதிக்கப்பட்டு, விடையும் கிடைத்துவிட்டது.

2021 நவம்பரில் நிதியமைச்சர் கென் ஒஃபோரி-அட்டா இந்த லெவியை முன்மொழிந்தபோது விகிதம் 1.75%. இரு பெரிய கட்சிகளுக்கும் 137 இடங்கள் வீதம் சமமாக இருந்த நாடாளுமன்றத்தில் டிசம்பர் மாதத்தில் உறுப்பினர்கள் கைகலப்பில் இறங்கினார்கள். 2022 மார்ச் 29 அன்று எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்த நிலையில், 1.5 சதவீதமாகக் குறைத்து நிறைவேற்றினார்கள். அந்த ஆண்டுக்கு எதிர்பார்த்த வருவாய் சுமார் 690 கோடி சீடி. ஜூலை மாத இடைக்கால மதிப்பாய்வில் அதை 61 கோடியாகத் திருத்தினார்கள். லெவி தொடங்கிய தேதி தள்ளிப்போனதும் விகிதம் குறைந்ததும் இவ்வளவு பெரிய சரிவை விளக்கா. கடைக்காரர் அண்ணாச்சி தம் கடைச் சுவரருகே பார்த்ததுதான் மிகுதியை விளக்குகிறது. 2023 ஜனவரியில் விகிதத்தை 1 ஆகக் குறைத்தார்கள். 2024 தேர்தலில் ஆட்சி மாறி, அடுத்த ஏப்ரலில் புதிய அதிபர் ஜான் மஹாமா அதை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பந்தய வெற்றித் தொகை மீதான வரி, வாகனப் புகை லெவி, வாகனக் காப்பீட்டு மீதான வாட் ஆகியவையும் கூடவே போயின.

பரிவர்த்தனை வரியின் அடிப்படைக் கோளாறு, அது லாபத்தைப் பார்ப்பதில்லை என்பது. 10,000 சீடிச் சரக்கில் 300 சீடி சம்பாதிக்கும் மொத்த வியாபாரிக்கு 148.50 என்பது ஏறத்தாழப் பாதி லாபம். அதே தொகைக்குச் சேவை விற்று 6,000 சம்பாதிப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. குறைந்த லாபத்தில் அதிகம் புரட்டும் வணிகத்தை அது குறிவைத்து அடிக்கிறது. தப்பிக்கும் வழியோ மிக எளிது, நோட்டாகக் கொடுத்தால் போதும். எரிபொருள் லெவியிலிருந்து அப்படி ஒதுங்க முடியாது. அரசின் பார்வையில் அது நல்ல வரியாகத் தெரிவதற்குக் காரணமும் அதுதான்.

முறைசாராத் துறையை வரிக்குள் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கத்துக்கு நேர் எதிரான பலனை ஈ-லெவி தந்தது என்பதே எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது. கைப்பேசிப் பணம்தான் சந்தைக் கடைகளின் விற்பனையை முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும்படி செய்த கருவி. அதைப் பயன்படுத்துவதற்கே கட்டணம் வைத்து, மக்களை மீண்டும் நோட்டுக்குத் துரத்தினார்கள்.

குமாசிக் கடைக்காரர் எழுதியது:

புதிய சட்டத்தில் தட்டை விகிதத் திட்டமே இல்லை. பொருள் விற்போர் வாட்டில் பதிவு செய்ய வேண்டிய வரம்பு 200,000இலிருந்து 750,000 சீடியாக உயர்ந்துவிட்டது. என் கடை வரம்புக்குக் கீழே வருகிறது. வெளியே வந்தால் கட்டும் 20 சதவீதத்துக்கும் வரவு இருக்காதே, அது நட்டமில்லையா என்று தேமா ஐயாவிடம் கேட்க வேண்டும்.

தேமா கணக்கன் எழுதியது:

அண்ணாச்சி, அதே எடுத்துக்காட்டைப் புதிய சட்டத்தில் போட்டுப் பாருங்கள். குருணை 100,000, தயாரிப்பாளர் சேர்ப்பது 40,000, மொத்த வியாபாரி சேர்ப்பது 15,240. இடையில் புதைந்த லெவி இல்லாததால் உங்களுக்கு வரும் விலை 155,240. அதன் மேல் 20% என்றால் 31,048. வரவே எடுக்காவிட்டாலும் உங்கள் அடக்கம் 186,288. முன்பு 207,230. ஏறத்தாழ 10% குறைவு, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த 4 சதவீதமும் போய்விட்டது. மேலே இருப்பவர்கள் தங்களுக்குக் கிடைத்த வரவை விலையில் குறைத்துத் தந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். தரவில்லை என்றால் அது அவர்கள் லாபமாக நின்றுவிடும். உங்களிடம் வாங்குவோரில் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்கள் நிறைய இருந்தால் மட்டும், அவர்களுக்கு வாட் பில் தேவைப்படும் என்பதால், யோசித்து முடிவெடுங்கள்.

கடலோடிக்கு ஒரு வார்த்தை. விகிதம் பற்றி இவ்வளவு பேசினோம், பணப்புழக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. வங்கிகள், அரசு அமைப்புகள் போன்ற நியமிக்கப்பட்ட முகவர்களுக்கு விற்கும்போது அவர்கள் சரக்கு மதிப்பில் 7 சதவீதத்தை வாட்டிலிருந்து பிடித்துக்கொள்ளும் முறை நடைமுறையில் இருந்தது. 100,000 சீடிச் சரக்குக்குப் பழைய கணக்கில் 15,900 வாட் என்றால், 7,000 அவர்களிடம் நின்றுவிடும், உங்களுக்கு ஒரு சான்றிதழ் வரும். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கில் கழிக்க முடியும். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் ஓர் ஊழியரின் முழுநேர வேலையே, வாடிக்கையாளர் அலுவலகங்களுக்குப் போய் அந்தச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குவதாக இருந்தது. உங்கள் பழைய கோப்புகளில் வராமல் நிற்கும் சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், அவை பணத்துக்குச் சமம்.

கடலோடி எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. வாடிக்கையாளர் கேட்கும் 8 சதவீதத்துக்கு நான் என்ன பதில் எழுதுவது?

தேமா கணக்கன் எழுதியது:

உங்கள் 146,000 சீடி விலையில் புதைந்திருந்த லெவி 6,000. அது விலையில் 4.1%. வரி மாற்றத்தின் பெயரில் உங்களிடம் கேட்கக்கூடிய உச்சம் அவ்வளவுதான். அவர் உங்கள் பில்லுக்குக் கட்டிவந்த 8,760 இனி அவருக்கே வரவாகத் திரும்பும், அதற்கும் உங்களுக்கும் தொடர்பில்லை. நீங்கள் ஒரு பெசேவா குறைக்காவிட்டாலும் அவருடைய அடக்கம் 154,760இலிருந்து 146,000 ஆகிவிடும். நீங்கள் 6,000 குறைத்தால் 140,000 ஆகும். இரண்டும் சேர்ந்தால் அவர் அடக்கம் ஏறத்தாழ 9.5% குறையும், அதைப் பார்த்துத்தான் 8% என்று கேட்டிருக்கிறார் என்று ஊகிக்கிறேன்.

4.1 என்பதும் தோராயம். குருணையைத் தேமா துறைமுகம் வழியாக நீங்களே இறக்குமதி செய்தால் லெவி சுங்கத் தீர்வை சேர்ந்த மதிப்பின் மேல் விழுந்திருக்கும், ஆகவே தொகை சற்றுக் கூடும். சுங்கத் தீர்வைக்கு அன்றும் வரவு இல்லை, இன்றும் வரவு இல்லை. அச்சு மை, அட்டைப்பெட்டி, பழுதுபார்ப்பு ஆகியவற்றின் பில்களிலும் லெவி இருந்திருக்கும். கடந்த ஆண்டின் கொள்முதல் பதிவேட்டிலிருந்து லெவித் தொகையை மட்டும் தனியே கூட்டி, அதை விற்பனையால் வகுத்துப் பாருங்கள், உங்கள் உண்மையான எண் கிடைக்கும். 2025இல் வாங்கிய குருணை கிடங்கில் இருக்கும்வரை அந்த லெவி அதோடு ஒட்டியே இருக்கிறது. ஆகவே புதிய விலை எந்தச் சரக்கிலிருந்து தொடங்கும் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.